சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது எப்படி? வேதிமுறையும் நுண்ணுயிர் முறையும் சேர்ந்த முழுமையான வழிகாட்டி

சாயநீர் உள்ள ஒரு குடுவையில் கொஞ்சம் பிளீச்சிங் தூள் கரைசலை ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் கருஞ்சிவப்பு வெளிறி மஞ்சளாகும். பிறகு தண்ணீரில் நிறமே இல்லாதது போலிருக்கும். பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் அங்கே அறுந்தது, சாய மூலக்கூறில் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பிணைப்பு மட்டும்தான். மீதி உடல் துண்டுகளாகத் தண்ணீரிலேயே கிடக்கிறது. கூடவே குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களும் பிறந்திருக்கும். முன்பு நிறத்தைப் பார்த்தாவது மனிதர்கள் ஒதுங்கினார்கள். இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது.

நிறம் போவது வேறு, சாயம் போவது வேறு. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: என்ன சாயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் பலர் சாயப்பட்டறைக்குள் காலே வைப்பதில்லை. குழாயில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது. முதல் வேலையாக, பட்டறையில் பயன்படுத்தும் சாயங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றும் எந்த வகை என்பதையும், உடன் சேர்க்கும் உப்பு, காரம், கஞ்சி, சோப்பு ஆகியவற்றின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்பர்ஸ், வாட், சல்பர் சாயங்கள் தண்ணீரில் முழுதாகக் கரையாதவை, நுண்துகளாக மிதப்பவை. இவற்றைப் படிகாரமும் இரும்பு உப்பும் எளிதில் திரட்டிக் கீழே இறக்கிவிடும். ரியாக்டிவ், ஆசிட் சாயங்கள் அப்படியல்ல. அவற்றின் மூலக்கூறில் சல்போனிக் தொகுதிகள் இருப்பதால் உப்பைப்போலக் கரைந்து நிற்கும். திரட்டினாலும் முழுதாக வராது. அதிலும் ரியாக்டிவ் சாயத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு வந்துவிடும். ஒட்டாததற்குக் காரணம், துணியோடு சேர வேண்டிய அதன் முனை தண்ணீரோடு சேர்ந்துவிட்டது. அதைத் திரும்பச் சாயமிடப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: சாயம் அசோ வகையா? இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருப்பதே அசோ பிணைப்பு. செயற்கைச் சாயங்களில் மிகப் பெரிய குடும்பம் இதுதான். அந்தப் பிணைப்பை எங்கே, எப்படி உடைக்கிறோம் என்பதைச் சுற்றியே மொத்தத் திட்டமும் அமையும்.

படி 2: அளந்து பாருங்கள்

ஒரே நேரத்தில் எடுத்த ஒரு குப்பித் தண்ணீர் எதையும் சொல்லாது. காலையில் கறுப்புச் சாயம் ஓடியிருக்கும், மாலையில் வெளிர் நீலம். ஒரு முழு நாள் மணிக்கொரு முறை மாதிரி எடுத்து, அந்தந்த மணி நேர ஓட்டத்தின் விகிதத்தில் கலந்து ஒரே மாதிரியாக்குங்கள்.

அளக்க வேண்டியவை: பிஎச், வெப்பநிலை, சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்), பிஓடி (நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கத் தேவையான ஆக்சிஜன்), டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, சல்பேட், நிறம். நிறத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் 436, 525, 620 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 200 முதல் 700 நானோமீட்டர் வரை முழு வரைபடமும் எடுங்கள். புற ஊதாப் பகுதியில் 250 ஒட்டிய மேடு பென்சீன் வளையத்தையும், 310 முதல் 330 வரையிலான மேடு நாப்தலீன் வளையத்தையும் காட்டும். சுத்திகரித்த பிறகு 525-இல் இருந்த மேடு கரைந்து, 250 பக்கம் மேடு உயர்ந்திருந்தால், நிறம் மட்டும் போயிருக்கிறது, வளையங்கள் அப்படியே இருக்கின்றன என்று பொருள். இந்த ஒரு வரைபடம் பல பக்க அறிக்கைகளைவிட நேர்மையானது.

பிஓடியை சிஓடியால் வகுத்துப் பாருங்கள். 0.4-க்கு மேல் வந்தால் நுண்ணுயிர்களால் தாராளமாகச் செரிக்க முடியும். 0.2-க்குக் கீழே வந்தால் அவற்றுக்கு முன்னால் வேதி உதவி தேவைப்படலாம். குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் சிஓடி சோதனை பொய்யாக உயர்ந்து காட்டும். மாதிரியை நீர்த்து அளக்க வேண்டும்.

படி 3: பிரியுங்கள், பிறகு சமன் செய்யுங்கள்

சாயத்தொட்டியிலிருந்து வடியும் முதல் நீரில்தான் உப்பும் சாயமும் செறிந்திருக்கும். அதற்குப் பின் வரும் அலசல் நீர் அளவில் அதிகம், செறிவில் குறைவு. இரண்டையும் ஒரே வாய்க்காலில் விட்டால், சிறு அளவில் இருந்த கடினமான சிக்கலைப் பெரிய அளவுக்கு நீர்த்துவிடுகிறோம். பட்டறைக்குள்ளேயே இரண்டு குழாய் போடுவது தொடக்கத்தில் செலவு வைக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் அது மிச்சம்.

சமன் தொட்டியில் குறைந்தது 8 மணி நேரம், இயன்றால் ஒரு நாள் நீரைத் தேக்கிக் கலக்க வேண்டும். சூடான நீர் இங்கேதான் ஆற வேண்டும். 38 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏரேஷன் தொட்டிக்குள் (காற்றூட்டி நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி, ஆறாம் படி) விடாதீர்கள். ரியாக்டிவ் சாயநீர் பெரும்பாலும் பிஎச் 10-ஐத் தாண்டி வரும். அதைக் குறைக்கக் கந்தக அமிலம் மலிவானதுதான், ஆனால் அது சல்பேட்டைக் கூட்டும். அதன் விளைவை ஐந்தாம் படியில் சந்திப்போம். கொதிகலன் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு நடுநிலையாக்க வசதி இருந்தால் அதுவே மேல்.

படி 4: ஜார் டெஸ்டும் திரட்டலும்

தண்ணீரில் சாயத்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அலுமினியம் அல்லது இரும்பு அயனி அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. கூடவே உண்டாகும் ஹைட்ராக்சைடு பஞ்சுபோல் திரண்டு, வழியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு கீழே இறங்குகிறது.

எவ்வளவு போட வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. உங்கள் தண்ணீர்தான் சொல்லும். அதைக் கேட்கும் சோதனையே ஜார் டெஸ்ட். ஆறு பீக்கர்களில் ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் சாயநீர் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் படிகாரம் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லி ஊற்றுவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் போடுவதற்குச் சமம். 1 முதல் 6 மில்லி வரை வரிசையாக ஊற்றுங்கள். கரைசலை நீர்க்கத் தயாரிக்காதீர்கள். அதிக அளவு ஊற்ற வேண்டிவரும்போது சாயநீரே நீர்த்துப்போய், நிறம் குறைந்ததுபோல் ஏமாற்றும்.

ஊற்றிய உடனே பிஎச்-ஐச் சரிசெய்யுங்கள். படிகாரத்துக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. படிகாரம் ஒவ்வொரு மில்லிகிராமும் சுமார் 0.5 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். அதனால் அளவு கூடக் கூட பிஎச் சரியும். இதைக் கவனிக்காமல் ‘ஆறாவது பீக்கரில் தெளியவில்லை, படிகாரம் உதவாது’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நிமிடம் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் வேகமாகக் கலக்குங்கள். பிறகு 20 நிமிடம் 25 முதல் 30 சுற்றில் மெதுவாகக் கலக்குங்கள். அரை மணி நேரம் அசையாமல் விட்டு, மேல்நீரை வடித்து மூன்று அலைநீளங்களிலும் அளங்கள். சிஓடியும் பாருங்கள். அடியில் படிந்த கசடின் உயரத்தையும் எழுதுங்கள். நிறநீக்கத்தில் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கிடைக்க, கசடு இரு மடங்கானால் அந்த அளவு வேண்டாம்.

அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த முறை பழையது, மலிவானது. சல்பர், வாட் சாயங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மலைமலையாகக் கசடு தரும். மிஞ்சிய இரும்பு காற்றுப்பட்டு நீரைப் பழுப்பாக்கும். பாலி அலுமினியம் குளோரைடு குறைந்த அளவில் வேலை செய்யும், பிஎச்-ஐ அவ்வளவாகக் கெடுக்காது. திரளைப் பெரிதாக்கும் பாலிமர் சேர்ப்பதென்றால் மெதுவாகக் கலக்கும் கட்டத்தின் தொடக்கத்தில், லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராமுக்குள். கூடினால் திரள் கொழகொழப்பாகி இறங்க மறுக்கும்.

வருவது முழுக்க ரியாக்டிவ் சாயம் என்றால் இந்தப் படியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நிறம் முழுதும் போகும்வரை படிகாரத்தைக் கொட்டிக்கொண்டே போனால், கரைந்த சிக்கலைக் கசடுச் சிக்கலாக மாற்றியதுதான் மிச்சம்.

படி 5: காற்றில்லாத் தொட்டி

அசோ சாயத்துக்கு இதுவே இதயம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தங்கள் உணவைச் செரிக்கும்போது விடும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கியாக வேண்டும். அசோ பிணைப்பு அதற்கு வசதியான இடம். நான்கு எலக்ட்ரான் ஏறியதும் பிணைப்பு இரண்டாக அறுந்து, நிறமில்லாத இரண்டு அமீன்கள் (நைட்ரஜன் உள்ள சிறு மூலக்கூறுகள்) பிறக்கின்றன.

எலக்ட்ரான் வர வேண்டுமானால் நுண்ணுயிருக்கு உணவு வேண்டும். சாயம் அவற்றுக்கு உணவல்ல. துணியிலிருந்து கழுவிவரும் கஞ்சி, மாவுச்சத்து இருந்தால் போதும். இல்லையென்றால் வீட்டுக் கழிவுநீரையோ, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையோ சிறிதளவு சேர்க்க வேண்டும். ஆக்சிஜனும் நைட்ரேட்டும் உள்ளே வந்தால் எலக்ட்ரான் முதலில் அவற்றுக்கே போகும். நிறம் அப்படியே நிற்கும். பிஎச் 6.8 முதல் 7.5, வெப்பம் 30 முதல் 37 டிகிரி, தேக்க நேரம் 12 முதல் 24 மணி என்று தொடங்குங்கள். ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம் (தொட்டி எந்த அளவுக்கு ஆக்சிஜனற்றது என்பதைக் காட்டும் எண்) மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

விதைக்கசடை, அதாவது தொடக்க நுண்ணுயிர்கள் நிறைந்த கசடை, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு காற்றில்லாத் தொட்டியிலிருந்து கொண்டுவாருங்கள். முதல் வாரம் சாயநீர் பத்தில் ஒரு பங்கு, மீதி எளிதில் செரிக்கும் கழிவுநீர். நிறநீக்கம் நிலையாக இருந்தால் கால் பங்கு, பிறகு பாதி என்று ஏற்றுங்கள். இரண்டு மாதம் ஆகலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் முழுச் சாயத்தையும் விட்டவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி சல்பேட். சாயமிட கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) பயன்படுத்தினாலோ, கந்தக அமிலத்தால் நடுநிலையாக்கினாலோ, இந்தத் தொட்டியில் சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் திடீரென நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். அதற்கும் மேலே உயிர் போகும். வாயுவை அளக்காமல், காற்று தரும் சுவாசக் கவசமும் இடுப்புக்கயிறும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல், யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இறந்துபோவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது. எத்தனை அவசரமானாலும் இந்த விதியில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் நிறமின்றி இருக்கும்போது நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். இப்போது அதில் இருப்பவை அரோமாட்டிக் அமீன்கள், அதாவது பென்சீன் போன்ற வளையம் கொண்ட அமீன்கள். சில சாயங்களிலிருந்து பிறக்கும் பென்சிடின் போன்றவை புற்றுநோயை உண்டாக்குபவை. சாயத்தைவிட அதன் துண்டு கொடியதாக இருக்கும் கட்டம் இதுதான்.

படி 6: ஏரேஷன் தொட்டி

அமீன்களைச் செரிப்பவை காற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அதனால்தான் காற்றில்லாத் தொட்டிக்கு அடுத்து ஏரேஷன் தொட்டி வர வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. காற்றுள்ள தொட்டியில் அசோ பிணைப்பு பெரும்பாலும் உடையாமல், சாயம் கசடில் ஒட்டிக்கொண்டு போவதோடு சரி.

தொட்டியின் அளவைக் கணக்கிடுவோம். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் நீர், பிஓடி லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால், நாளுக்கு 40 கிலோ பிஓடி. தொட்டியில் நுண்ணுயிர்க் கசடு (எம்எல்எஸ்எஸ்) லிட்டருக்கு 3500 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 3.5 கிலோ. ஒரு கிலோ கசடுக்கு நாளுக்கு 0.12 கிலோ உணவு (பிஓடி) என்று வைத்தால், 40 ÷ (0.12 × 3.5) = சுமார் 95 கன மீட்டர். ஏறக்குறைய ஒரு நாள் தேக்கம். அமீன்களைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை என்பதால் தொட்டியைச் சுருக்க ஆசைப்பட வேண்டாம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குறையாமல் இருக்கட்டும்.

சத்துக் கணக்கு பிஓடி 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1. மேலே சொன்ன 40 கிலோவுக்கு நைட்ரஜன் 2 கிலோ, பாஸ்பரஸ் 0.4 கிலோ. டிஏபி உரம் 2 கிலோ போட்டால் பாஸ்பரஸ் முழுதும் வந்துவிடும், நைட்ரஜனும் 0.36 கிலோ வரும். மீதிக்கு யூரியா சுமார் 3.6 கிலோ. துணி அச்சிடும் பட்டறை நீரில் ஏற்கெனவே யூரியா நிறைய இருக்கும், அளக்காமல் போடாதீர்கள்.

ஒரு விஷயம் புதியவர்களைக் கலங்கடிக்கும். நிறமற்று வந்த நீர் இந்தத் தொட்டியில் காற்றுப்பட்டதும் சில சமயம் பழுப்பாகும். சில அமீன்கள் நுண்ணுயிர் தொடுமுன்னே ஆக்சிஜனோடு தானாகச் சேர்ந்து புது நிறப்பொருளாக மாறுவதே காரணம். இதற்குப் படிகாரத்தைக் கூட்டிப் பயனில்லை. தேக்க நேரத்தையும் கசடின் வயதையும் (கசடு தொட்டியில் தங்கும் நாள்கள்) கூட்டிப் பாருங்கள். சல்போனிக் தொகுதி ஏறிய அமீன்கள் சில, எத்தனை நாள் வைத்தாலும் செரிக்காது. அவற்றுக்குத்தான் அடுத்த படி.

வெண் அழுகல் பூஞ்சைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பனெரோகீட் கிரைசோஸ்போரியம் போன்றவை மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் நொதிகளால் சாயத்தையும் சிதைப்பது உண்மை. ஆய்வகக் குடுவையில் பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு அமிலத்தன்மையான நீரும் பல நாள் அவகாசமும் வேண்டும். திறந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் விரைவில் அவற்றை மிஞ்சிவிடும். பெரிய ஓட்டத்துக்கு இதை நம்பித் திட்டம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 7: ஃபென்டன் முறை, ஓசோன்

1894-இல் ஹென்றி ஃபென்டன், இரும்பு உப்பு முன்னிலையில் ஹைட்ரஜன் பெராக்சைடு டார்டாரிக் அமிலத்தை வலுவாக ஆக்சிஜனேற்றுவதைப் பதிவு செய்தார். அங்கே உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வினைவேகம் மிகுந்த துகள் எந்தக் கரிம மூலக்கூறு என்று பார்க்காமல் தாக்கும். வலிமையும் அதுவே, குறையும் அதுவே. நுண்ணுயிர் இலவசமாகச் செரிக்கக்கூடிய மாவுச்சத்தின் மீதும் விலையுள்ள பெராக்சைடைச் செலவழித்துவிடும். அதனால் பிஓடி, சிஓடி விகிதம் 0.2-க்குக் கீழே இருந்து நுண்ணுயிரே வாழ முடியாத நீராக இருந்தாலொழிய, இதை ஏரேஷனுக்குப் பின்னால் வையுங்கள்.

செய்முறை: பிஎச்-ஐ 3-க்கு இறக்குங்கள். முதலில் அன்னபேதியைக் கரையுங்கள், பிறகு பெராக்சைடைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். செறிந்த பெராக்சைடையும் இரும்பு உப்பையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். 30 முதல் 60 நிமிடம் கலக்கியபின் சுண்ணாம்பு அல்லது காரத்தால் பிஎச்-ஐ 8 அருகே ஏற்றினால், இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து மேலும் கொஞ்சம் கழிவை இழுத்துக்கொண்டு போகும்.

அளவு: சிஓடி 1 கிராமை முழுதும் எரிக்கக் கணக்குப்படி 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். மீதி சிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் 425 மில்லிகிராம். அதில் பாதியில், சுமார் 212 மில்லிகிராமில் சோதனையைத் தொடங்குங்கள். 50 சதவீதப் பெராக்சைடில் அது லிட்டருக்கு 0.35 மில்லி. இரும்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 21 மில்லிகிராம்; அன்னபேதியில் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு என்பதால் சுமார் 105 மில்லிகிராம் அன்னபேதி. இங்கிருந்து ஜார் டெஸ்ட் போலவே மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். குளோரைடு மிகுந்த நீரில் ரேடிக்கல்கள் வீணாகும்.

பெராக்சைடு மிஞ்சியிருந்தால் ஒவ்வொரு மில்லிகிராமும் சிஓடியில் ஏறக்குறைய அரை மில்லிகிராமாகத் தோன்றும். முறை தோற்றதாக நினைத்துவிடுவீர்கள். சோதனைத் தாளால் மீதியைப் பார்த்து, கேட்டலேஸ் நொதி அல்லது சோடியம் சல்பைட்டால் நீக்கிவிட்டு அளங்கள்.

ஓசோன் கசடே தராது, நிறத்தை வேகமாக நீக்கும். ஆனால் சிஓடி அவ்வளவாக இறங்காது. மூலக்கூறைத் துண்டாக்கி நுண்ணுயிருக்கு ஏற்றதாக்குவதே அதன் திறமை. எனவே அதற்குப் பின் ஒரு சிறிய நுண்ணுயிர் வடிகட்டி வைத்தால்தான் முழுப் பலன். கசியும் ஓசோன் நுரையீரலை எரிக்கும், காற்றில் 0.1 பிபிஎம் கூடத் தாண்டாதபடி அளவீட்டுக் கருவி கட்டாயம்.

படி 8: உப்பும் கசடும்

இதுவரை செய்த எதுவும் கரைந்த உப்பை ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. அமிலம், காரம், படிகாரம் சேர்த்து நாமே கூட்டியிருக்கிறோம். உப்பை நீக்க ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் (ஆர்ஓ) சவ்வும், அது ஒதுக்கும் செறிநீரை ஆவியாக்கும் கருவியும் வேண்டும். முந்தைய படிகள் சரியில்லை என்றால் மீதிச் சாயம் சவ்வை அடைத்துவிடும்.

திரட்டல் கசடை அழுத்தி வடித்து, உலர்த்தி, அபாயக் கழிவாகவே கையாள வேண்டும். அதில் சாயமும், சில சமயம் குரோமியம், செம்பு போன்ற உலோகங்களும் இருக்கும். வயலுக்கு எருவாகப் போகக் கூடாது.

படி 9: விதையிடம் கேளுங்கள்

எல்லா எண்களும் சரியாக வந்தபின் ஒரு எளிய சோதனை. பெட்ரி தட்டுகளில் வடிதாள் விரித்து, மூன்று வகைத் தட்டுகள் தயார் செய்யுங்கள். முதல் வகைக்கு நல்ல தண்ணீர். இரண்டாவதற்குச் சுத்திகரித்த நீர். மூன்றாவதற்கு, சுத்திகரித்த நீரின் அதே மின்கடத்து திறன் வரும்வரை உப்பு மட்டும் கரைத்த நல்ல தண்ணீர். ஒவ்வொரு வகையிலும் மூன்று தட்டு, தட்டுக்குப் பத்து பச்சைப்பயறு விதை. இருட்டில் மூன்று நாள் வைத்து, முளைத்தவற்றை எண்ணி வேரின் நீளத்தை அளங்கள்.

இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் ஒரே அளவு குட்டையாக இருந்தால் மிச்சமிருப்பது உப்புச் சிக்கல். எட்டாம் படியைப் பாருங்கள். உப்புத்தட்டில் வேர் நீண்டு, சுத்திகரித்த நீர்த்தட்டில் மட்டும் வேர்நுனி பழுப்பேறிச் சுருண்டிருந்தால், நிறமில்லாத அந்தத் துண்டுகள் இன்னும் தண்ணீரில் இருக்கக்கூடும். வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு, புற ஊதா வரைபடத்தை மறுபடி எடுத்து, ஆறாம் படியிலிருந்து தொடங்குங்கள்.